சுட்டிக்கு என்ன விலை? – காதக்கல்லிலிருந்து கூகுள் வரை

பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி வரும் லாரிகள் தர்மபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாயில் இறங்கும். சரிவும் வளைவும் சேர்ந்த பாதை. விபத்துச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர். அந்த இறக்கத்தை முடித்துக் கீழே வந்தால் தொப்பூர். அங்கிருந்து ஒரு சாலை நேரே ஓமலூர், சேலம் என்று போகிறது. இன்னொன்று பிரிந்து மேட்டூர், பவானி வழியாக ஈரோட்டுக்குப் போகிறது. இப்படி ஒரு பிரிவில் கடை வைத்திருப்பவர் இரண்டு விஷயங்களை நம்பித்தான் பிழைக்க வேண்டும். ஒன்று, கடை இருப்பதைச் சொல்லும் பலகை. இன்னொன்று, கடை முன்னால் நிற்கும் லாரிகள். பலகையை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் பத்து லாரி நிற்கிற ஓட்டலில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று காரில் போகிறவரும் நம்பி வண்டியை ஓரம் கட்டுகிறார் இல்லையா, அந்த நம்பிக்கையைப் பலகையால் வாங்க முடியாது.

இணையத்தில் ஒரு சிறு வியாபாரியின் தளத்துக்கு மற்ற தளங்கள் கொடுக்கும் சுட்டிகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். பலகை எது, நிற்கும் லாரி எது என்று பிரித்துப் பார்க்க ஒரு நிறுவனம் கணக்கு ஒன்று போட்டது. அந்தக் கணக்கை ஏமாற்ற ஒரு பெரிய தொழிலே உருவாயிற்று. கடைசியில் அடிபட்டது யார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இணையத்துக்குப் போவதற்கு முன் இதே மாவட்டத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம். தகடூர் என்று பழைய பெயர் கொண்ட தர்மபுரிப் பகுதியில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காதக்கற்கள் கிடைத்திருக்கின்றன. 'அதியமான் பெருவழி' என்று பாதையின் பெயரையும், நாவல் தாவளத்துக்கு இன்னும் எத்தனை காதம் என்பதையும் அவை சொல்கின்றன. ஒன்றில் 27, இன்னொன்றில் 29. தாவளம் என்பது வணிகர்கள் தங்கிச் சரக்கு விற்கும் இடம். ஆக, கல் காட்டுவது கோயிலையோ கோட்டையையோ அல்ல, சந்தையை! இன்னொரு நுட்பமும் உண்டு. எண்ணை எழுத்தில் வெட்டியதோடு விடாமல், கல்லில் குழிகளும் போட்டிருக்கிறார்கள். பத்துக்கு ஒரு பெரிய குழி, ஒன்றுக்கு ஒரு சிறிய குழி. படிக்கத் தெரியாத வண்டிக்காரன் இரண்டு பெரிய குழியையும் ஒன்பது சிறிய குழியையும் விரலால் தடவி 29 என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு வணிக இடத்துக்கு வேறோர் இடத்திலிருந்து கொடுத்த சுட்டி என்று இதைச் சொன்னால் தப்பில்லை. ஆனால் அந்தக் கல்லை நடுவது ஆட்சியில் இருப்பவர் கையில் இருந்தது. கண்ட வியாபாரி கண்ட இடத்தில் கல் நட முடியாது. அதனால் கல்லை நம்பலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

டிம் பெர்னர்ஸ்-லீ 1989ல் வலைக்கான திட்டத்தை எழுதியபோது யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் சுட்டி கொடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பதுதான் அதன் உயிர்நாடியாக இருந்தது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. தொடக்கத்தில் இணைப்புப் பெற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. அந்தக் காலத்தில் ஒரு தளம் இருப்பது வெளியே தெரிய வழிகள் குறைவு. 1994ல் தொடங்கிய யாஹூ அட்டவணையில் இடம் பிடிக்கலாம். 1998ல் வந்த டிமாஸ் என்ற திறந்த அட்டவணைக்கு எழுதிப்போட்டு, அங்குள்ள தன்னார்வலர் ஒருவர் பார்த்துச் சேர்க்கும் வரை காத்திருக்கலாம். ஒரே விருப்பமுள்ளவர்கள் தங்கள் தளங்களை வளையமாகக் கோத்துக்கொள்ளும் 'வெப்ரிங்' முறையும் இருந்தது. ஜியோசிட்டீஸில் வீட்டுப் பக்கம் போட்டவர்கள் எல்லாம் 'எனக்குப் பிடித்த தளங்கள்' என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலில் காசு கிடையாது, கணக்கும் கிடையாது.

கணக்கு வந்தது 1998ல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஒரு தேடுபொறியைக் கட்டி அதன் அமைப்பை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் நடுவில் இருந்தது பேஜ்ரேங்க். ஒரு பக்கத்துக்கு வேறு எத்தனை பக்கங்கள் சுட்டி கொடுக்கின்றன, கொடுக்கும் பக்கங்களுக்கே எவ்வளவு மதிப்பு என்று பார்த்து அந்தப் பக்கத்தின் தகுதியை எடைபோடும் முறை. ஆய்வுக் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணும் பழக்கம் நூலக உலகில் ஏற்கெனவே இருந்தது. யூஜின் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964லேயே வந்துவிட்டது. (நூலகத்தில் நடப்பதை எண்ணி அளக்க ஒரு தனித் துறையே வேண்டும் என்று 1948ல் சொன்னவர் நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் என்பதும் இந்த இடத்தில் நினைவுக்கு வர வேண்டியது.)

பேஜ்ரேங்க் எப்படி வேலை செய்கிறது என்பதை வணிகவியல் படித்தவர்களுக்கு உண்டியல் வைத்தே விளக்கிவிடலாம். கோயில் உண்டியல் அல்ல. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலாயா வரை லேவாதேவி நடத்தியபோது பணத்தைத் தூக்கிக்கொண்டு அலையாமல் தாளில் எழுதிக் கொடுத்த உண்டியல். அந்தத் தாளின் மதிப்பு தாளில் இல்லை, கையெழுத்துப் போட்டவரிடம் இருந்தது. பேர்போன கடையின் கையெழுத்து என்றால் எந்த ஊரிலும் பணம் கிடைக்கும். முகம் தெரியாதவர் நூறு தாள் எழுதிக் கொடுத்தாலும் யாரும் சீண்ட மாட்டார்கள். சுட்டியும் அப்படியே. மதிப்புள்ள ஒரு பக்கம் கொடுக்கும் ஒரு சுட்டி, யாரும் எட்டிப் பார்க்காத நூறு பக்கங்கள் கொடுக்கும் சுட்டிகளைவிட எடை அதிகம். இன்னொன்று, ஒரு பக்கம் தன் மதிப்பைத் தான் கொடுக்கும் சுட்டிகளுக்கெல்லாம் பங்கு போடுகிறது. ஒரு பக்கத்தின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நான்கு சுட்டி கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 25. ஐம்பது கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 2தான். (உண்மையான சூத்திரத்தில் அந்தப் பங்கும் முழுதாகக் கடத்தப்படாது. கட்டுரையில் 0.85 என்று ஒரு தணிப்புக் காரணி வைத்துப் பெருக்கியிருக்கிறார்கள்.) எல்லோருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவரின் கையெழுத்துக்கு ஊரில் என்ன மதிப்போ அதே மதிப்புதான்!

இந்த முறையில் பிழை இல்லை. மனிதர்கள் மனமறிந்து கொடுக்கும் சுட்டிகளை எண்ணியவரை அது அற்புதமாக வேலை செய்தது. ஆனால் எண்ணுகிறார்கள் என்று தெரிந்த நிமிடத்தில் சுட்டி வெறும் சுட்டியாக இருப்பதை நிறுத்திவிட்டது. 2000 டிசம்பரில் கூகுள் தன் கருவிப்பட்டையை வெளியிட்டது. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அதன் பேஜ்ரேங்கை 0 முதல் 10 வரை ஒரு சின்னப் பச்சைக் கோடாக அது காட்டியது. சரக்குக்கு எடை போட்டு விலைச்சீட்டு ஒட்டிவிட்டால் சந்தை கூடாமல் இருக்குமா? '6 மதிப்புள்ள பக்கத்தில் சுட்டி, மாதம் இவ்வளவு டாலர்' என்று விற்பனை ஆரம்பமாயிற்று.

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சர்ச்கிங் என்ற சிறு நிறுவனம் 2002 ஆகஸ்டில் இதை வெளிப்படையாகவே நடத்தியது. பேஜ்ரேங்க் அதிகமுள்ள தளங்களையும் சுட்டி வாங்க விரும்பும் வியாபாரிகளையும் சேர்த்துவைக்கும் தரகு. சில வாரங்களில் அதன் மதிப்பு 8லிருந்து 4க்கு இறங்கியது. வழக்குப் போட்டார்கள். 2003 மே மாதம் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பேஜ்ரேங்க் என்பது கூகுளின் கருத்து, கருத்துச் சொல்ல அதற்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். தராசு வைத்திருப்பவர் 'இது எடை அல்ல, என் அபிப்பிராயம்' என்று சொல்லிவிட்டால் வியாபாரி எங்கே போவான் என்ற கேள்வி அன்று தொடங்கியது.

காசு கொடுக்க முடியாதவர்கள் கண்டுபிடித்த வழி சுட்டிப் பரிமாற்றம். 'நீ எனக்கு ஒன்று கொடு, நான் உனக்கு ஒன்று கொடுக்கிறேன்.' இதைப் புரிந்துகொள்ளத் தமிழர்களுக்கு விளக்கமே தேவையில்லை, மொய்தான்! மொய் நோட்டில் எழுதிவைத்து, அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்கிற அதே கணக்கு. திருப்பூர் பனியன் கம்பெனித் தளத்தில் கொடைக்கானல் விடுதியின் சுட்டி, விடுதியின் தளத்தில் எங்கோ உள்ள பல் மருத்துவரின் சுட்டி என்று சம்பந்தா சம்பந்தமில்லாமல் 'எங்கள் நண்பர்கள்' பக்கங்கள் இப்படித்தான் பெருகின. மொய்யில் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே உறவு முதலில், பணம் பிறகு. இங்கே உறவே கிடையாது. அதனால் இயந்திரம் இதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

இன்னொரு கூட்டம் கருத்துப் பெட்டிகளில் புகுந்தது. 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்.எஸ்.என். மூன்றும் சேர்ந்து 'நோஃபாலோ' என்ற குறியைக் கொண்டுவந்தன. இந்தச் சுட்டிக்கு என் ஜாமீன் கிடையாது என்று தளக்காரர் தேடுபொறியிடம் சொல்வதற்கான வழி. ஆங்கில விக்கிப்பீடியா 2007ல் தன் வெளிச்சுட்டிகள் எல்லாவற்றிலும் இதைப் போட்டுவிட்டது. ஆனாலும் குப்பை குறைந்தபாடில்லை. ஏனென்றால் அதற்குள் அது கூலி வேலையாகிவிட்டிருந்தது. மேலைநாட்டு நிறுவனங்கள் மாதத்துக்கு இத்தனை சுட்டி என்று குத்தகைக்கு விட, இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் கணினி முன் உட்கார்ந்து அட்டவணைகளிலும் கட்டுரைத் தளங்களிலும் ஒன்றொன்றாகப் பதிந்துகொண்டிருந்தார்கள் படித்த இளைஞர்கள். செங்கல் சூளையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்பது போல இங்கே நூறு சுட்டிக்கு இவ்வளவு. தான் பதிகிற சுட்டி எந்தக் கடைக்காக, அதனால் அந்தக் கடைக்கு நல்லதா கெட்டதா என்று பதிகிறவருக்குத் தெரியாது. இணைய வரலாறு எழுதுகிறவர்கள் இவர்களைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை.

வாங்கியவர்களில் பெரிய கையும் உண்டு. அமெரிக்காவின் பழம்பெரும் அங்காடி நிறுவனம் ஜே.சி. பென்னி. 2010 கடைசியில், பண்டிகைக் காலத்தில், 'உடை', 'படுக்கை விரிப்பு' என்று எதைத் தேடினாலும் கூகுளில் அதுவே முதலில் வந்து நின்றது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதன் ரகசியத்தை உடைத்தது. துணிமணிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தக் கடைக்குச் சுட்டி நட்டிருந்தார்கள். தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது நிறுவனம். கூகுள் அதைப் பல பக்கங்கள் பின்னுக்குத் தள்ளியது. சில மாதங்களில் பென்னி திரும்பி வந்துவிட்டது. கடை கடையாக ஊரெல்லாம் கிளை வைத்திருப்பவர் சில மாதம் தேடலில் காணாமல் போனால் ஒன்றும் மூழ்கிவிடாது.

சிறு வியாபாரிக்கு அப்படியில்லை என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. 2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் 'பெங்குவின்' என்ற மாற்றத்தை இறக்கியது. ஆங்கிலத் தேடல்களில் 3.1 சதவீதத்தை அது தொடும் என்று சொன்னார்கள். கேட்க அற்பமாகத் தெரியும் எண். ஆனால் அந்தச் சதவீதத்துக்குள் இருந்தவர்களில் பலர் தரகரிடம் பணம் கொடுத்து 'எனக்கும் கொஞ்சம் சுட்டி போட்டுக் கொடுங்கள்' என்று சொன்னதைத் தவிர வேறு பாவம் அறியாத சின்னக் கடைக்காரர்கள். ராத்திரி தூங்கப் போகும்போது முதல் பக்கத்தில் இருந்த கடை, விடிந்து பார்த்தால் இல்லை. அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. காசு கொடுத்து நட்ட சுட்டிகளைப் பிடுங்கச் சொல்லி அதே தளங்களுக்குக் கெஞ்சிக் கடிதம் எழுத வேண்டிவந்தது. பிடுங்குவதற்கும் கட்டணம் கேட்டவர்கள் உண்டு! 2012 அக்டோபரில் 'இந்தச் சுட்டிகளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று பட்டியல் கொடுக்க கூகுள் ஒரு கருவி தந்தது. கொடுத்தாலும் உடனே விடுதலை இல்லை. பெங்குவின் மறுபடி ஓடினால்தான் தண்டனை மறுபரிசீலனைக்கு வரும். 2014 அக்டோபரில் ஓடியது அடுத்து ஓடியது 2016 செப்டம்பரில். ஏறக்குறைய இரண்டு வருடம். கடை வாடகையும் கணக்குப்பிள்ளை சம்பளமும் அந்த இரண்டு வருடம் காத்திருக்குமா? 2016ல் செய்த மாற்றத்துக்குப் பிறகு கெட்ட சுட்டியைப் பெரும்பாலும் தண்டிக்காமல் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும் முறை வந்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை. அதே 2016ல் பச்சைக் கோட்டையும் எடுத்துவிட்டார்கள். விலைச்சீட்டைக் கிழித்தாயிற்று, தராசு மட்டும் உள்ளே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு வேறு மாதிரியான ஒரு கதையும் உண்டு. சென்னைக்காரரான முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருந்தபோது 1997ல் தமிழர்களுக்காக ஒரு சமூகத் தளம் தொடங்கினார். அதில் ஒரு மூலையில் இருந்த வரன் தேடும் பகுதிக்குத்தான் கூட்டம் வந்தது. அதுவே தனியாக வளர்ந்து பாரத்மேட்ரிமனி ஆயிற்று. (அவருக்கே அதில்தான் பெண் அமைந்தது.) கூகுள் பெரிதாவதற்கு முன்பே ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வந்து சேர்ந்த தளம் அது. காலம் மாறி, தளத்தின் பெயரைத் தேடினால் அதன் பக்கத்திலேயே போட்டியாளர்களின் விளம்பரம் வரும் நிலை உருவானபோது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2010 செப்டம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தது. 2012ல் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் செய்தார்கள். 2018 பிப்ரவரி 8 அன்று ஆணையம் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. விளம்பரம் பற்றிய புகாரை ஆணையம் ஏற்கவில்லை. தேடல் பக்கத்தில் கூகுள் தன் விமானப் பயணச் சேவை போன்றவற்றுக்குத் தானே நல்ல இடம் ஒதுக்கிக்கொண்டது உள்ளிட்ட சில விஷயங்களில்தான் தப்புக் கண்டது. சந்தையில் தராசு வைத்திருப்பவரே கடையும் வைத்திருந்தால் வரும் சிக்கல் இது. சர்ச்கிங் வழக்கில் 'கருத்து' என்று சொல்லித் தப்பித்தது பதினைந்து வருடம் கழித்து இங்கே முழுதாக எடுபடவில்லை.

ஆனால் வழக்குப் போட வக்கீல் வைக்க ஒரு பெரிய நிறுவனத்தால் முடியும். தொப்பூர் மாதிரி ஊரில் ஒரு டயர் கடையோ மெஸ்ஸோ வைத்திருப்பவர் என்ன செய்வார்? அவருக்கு வந்து சேர்ந்தது வரைபடம். 2014ல் கூகுள் தொடங்கிய வணிகப் பதிவு முறையில் (2021லிருந்து அதற்கு வேறு பெயர்) இணையத்தளமே இல்லாத கடைகூடப் படமும் தொலைபேசி எண்ணும் போட்டு நிற்கலாம். சுட்டியின் இடத்தை நட்சத்திரமும் விமர்சனமும் பிடித்துக்கொண்டன. சுட்டியை விற்றவர்கள் அடுத்து நட்சத்திரம் விற்க வந்தார்கள். போலி விமர்சனம் அந்த அளவுக்குப் பெருகவே 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற தரக்குறிப்பையே வெளியிட்டது. தங்கத்துக்கு ஹால்மார்க், விமர்சனத்துக்கு ஐ.எஸ். 19000!

உள்ளூர்க் கடைக்கு உண்மையான சுட்டி எங்கிருந்து வரும் என்று யோசித்தால் விடை பழையதாகவே இருக்கிறது. சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரியின் தளத்தில் 'எங்கள் விற்பனையாளர்கள்' பட்டியல். ஊர் வணிகர் சங்கத்தின் உறுப்பினர் பக்கம். கோயில் திருவிழாவுக்கோ பள்ளி விளையாட்டு விழாவுக்கோ நன்கொடை கொடுத்தால் அவர்கள் போடும் நன்றிப் பக்கம். வழியில் சாப்பிட்டுவிட்டுப் போன ஒருவர் தன் பயணக் கட்டுரையில் போகிறபோக்கில் எழுதும் ஒரு வரி. இவை எல்லாம் கடைக்குத் தெரிந்த மனிதர்கள். நூறு வராது, ஐந்து வரும். இன்னொரு பக்கம், 2024லிருந்து இந்தியாவிலும் தேடல் பக்கத்தின் தலையில் செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கமான பதில் வந்து உட்கார்ந்துவிட்டது. பதில் அங்கேயே கிடைத்துவிட்டால், கஷ்டப்பட்டுச் சேர்த்த ஐந்து சுட்டியைத் தட்டி யார் உள்ளே வருவார்கள் என்பது சின்னக் கடைகளின் புதிய கவலை.

சேர்த்ததும் நிலைப்பதில்லை. ஜியோசிட்டீஸ் 2009ல் மூடியது, யாஹூ அட்டவணை 2014ல், டிமாஸ் 2017ல். அவற்றில் இடம் பிடிக்க மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் சுட்டிகளும் கூடவே போயின. 2013ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் கிடைக்காமல் போய்விட்டன என்று ப்யூ ஆய்வு மையம் 2024ல் கணக்குச் சொன்னது. சாலைக்கும் இது நடந்திருக்கிறது. தொப்பூர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையின் எண் வெகுகாலம் 7. 2010ல் நாடு முழுக்க எண்களை மாற்றியபோது அது 44 ஆயிற்று. சாலை அங்கேயேதான் இருக்கிறது. கடையின் ரசீதுப் புத்தகத்திலும் பெயர்ப் பலகையிலும் விலாசத்தைத்தான் திருத்த வேண்டியிருந்தது.